எடைமேடை வில்லாட்ஸ் வைத்த வரிசை

எங்கள் தீவின் மார்ஸ்டால் துறைமுகத்தில் முப்பத்து நான்கு வருஷம் எடைமேடை பார்த்தவர் வில்லாட்ஸ். பார்லி, சர்க்கரைக் கிழங்கு, மீன், பழைய இரும்பு, எது வந்தாலும் அவர் சொன்னதுதான் எடை. ஒரு முறை நகரசபைத் தலைவரின் பார்லி வண்டி மேடையேறியது. மூட்டைகளின் மேல் தலைவரின் மைத்துனர் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வில்லாட்ஸ் சன்னலைத் திறந்தார்.

"அவரையும் சேர்த்து விக்கிறதா இருந்தா உட்காரட்டும். இல்லேன்னா இறங்கச் சொல்லுங்க."

மைத்துனர் இறங்கினார். வில்லாட்ஸ் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. எடையை எழுதிக் கொடுத்துவிட்டுச் சன்னலைச் சாத்திக்கொண்டார். அவ்வளவுதான் மனுஷன். இம்மி பிசகமாட்டார். அதனால் எங்களுக்கு அவர்மேல் மரியாதையும் இருந்தது, கொஞ்சம் எரிச்சலும் இருந்தது. எப்போதும் சரியாக இருக்கிற ஆளோடு எத்தனை நேரம்தான் உட்கார்ந்து பேச முடியும், சொல்லுங்கள்.

நான் தோரா. பெரிய தெருவில் புகையிலைக் கடை என்னுடையது. எனக்கு முன்னால் என் அப்பாவுடையது. நானும் பைப் பிடிப்பேன். பொம்பளை பைப் பிடிக்கிறாளே என்று வெளியூர்க்காரர்கள் வாயைப் பிளப்பார்கள். பிளந்த வாயில் ஈ போகட்டும், எனக்கென்ன.

கடைக்குப் பின்னாலிருக்கும் அறையில் சனிக்கிழமை தோறும் மத்தியானம் நாங்கள் பதினோரு பேர் கூடுவோம். மேசையில் மூன்று டப்பா. ஒவ்வொருவர் முன்னாலும் மூன்று பைப். முதல் டப்பாவைக் குடித்து முடித்து, ரொட்டித் துண்டு ஒன்று தின்று, தண்ணீர் குடித்து, அடுத்த பைப்பில் இரண்டாவது டப்பா. அப்புறம் மூன்றாவது. இதற்கு நாங்கள் வரிசை என்று பெயர் வைத்திருந்தோம். வரிசை நடக்கிற இரண்டு மணி நேரமும் யாரும் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசக் கூடாது. ஒருத்தன் "ஆஹா" என்றால் பக்கத்திலிருப்பவன் நாக்கும் அதையே சொல்லும் என்பதற்காக அந்தச் சட்டம். முடிந்த பிறகு, அவரவருக்குப் பிடித்த டப்பாவின் முன்னால் எரிந்த தீக்குச்சியை வைப்போம். கடைசியில் வரிசை வைத்தவர் எழுந்து, ஏன் இதற்குப் பின்னால் அதை வைத்தேன் என்று சொல்லவேண்டும். அவர் சொல்வது உண்மையாக இருக்கவேண்டும்.

வரிசை வைத்தவர் எப்போதும் வில்லாட்ஸ்தான். புகையிலையை ருசி பார்த்துச் சொல்ல ஊரில் பத்துப் பேர் உண்டு, நானும் ஒருத்தி. ஆனால் ஒன்றுக்குப் பின்னால் இன்னொன்று வரும்போது அந்த இரண்டாவதுக்கு என்ன ஆகிறது என்று பார்க்கிற மூளை அவருக்கு மட்டும்தான் இருந்தது. மாலுமிகள்கூட வேண்டாம் என்று ஒதுக்கிய மலிவுச் சரக்கு ஒன்று என் அலமாரியில் வருஷக்கணக்காகத் தூங்கியது. அதை அவர் புளிப்பான மஞ்சள் இலை ஒன்றுக்குப் பின்னால் வைத்தார். சுட்ட கொட்டைப் பருப்பு மாதிரி மணக்கிறது என்று எல்லாரும் குச்சியை அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். ஒரே வாரத்தில் அலமாரி காலி.

"எப்படிய்யா கண்டுபிடிச்சே?" என்று கேட்டேன்.

"தித்திப்பு தின்னுட்டுக் காப்பி குடிச்சா காப்பி கசக்குது. காப்பி மேல என்ன தப்பு? எது நல்லதுன்னு கேக்காதே தோரா. அதுக்கு முன்னாடி என்ன இருந்துச்சுன்னு கேளு."

இதிலே மாற்ற முடியாத விதி ஒன்று உண்டு. மரப்புகையில் மாதக்கணக்காகக் கட்டித் தொங்கவிட்டுக் கறுத்துப்போன இலை சைப்ரஸிலிருந்து வரும். நாங்கள் அதைக் கறுப்பு என்போம். தார் பூசிய படகு எரிகிற மாதிரி வாசனை. அது வரிசையில் இருந்தால் கடைசியில்தான் இருக்கும். கறுப்பு ஏறின நாக்கு ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் வேறு எதையும் உள்ளே விடாது. நேற்றுப் பைப் வாங்கினவனுக்குக்கூட இது தெரியும்.

வில்லாட்ஸின் அண்ணன் யெப்பே. ஊருக்கு வெளியே ஓமலில் தோட்டம் வைத்திருந்தார். யுத்தத்தின்போது ஜெர்மன்காரன் வந்து உட்கார்ந்த ஐந்து வருஷமும் வெளிநாட்டுப் புகையிலை வரவில்லை. யெப்பே முட்டைக்கோஸைப் பிடுங்கிவிட்டுப் புகையிலை நட்டார். அப்போது மார்ஸ்டாலில் யெப்பேதான் ராஜா. பாதிரியார் சைக்கிளில் போய்க் காத்துக்கொண்டு நிற்பார். என் அப்பா, "யெப்பே, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று கும்பிடாத குறை. ஈர வைக்கோல் மாதிரிக் கசந்தாலும் யாரும் முகம் சுளிக்கவில்லை. இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை.

யுத்தம் முடிந்தது. கப்பல் வந்தது. நல்ல புகையிலை வந்தது. யெப்பே மட்டும் நடுவதை நிறுத்தவில்லை. ஒரு மனுஷனை ஊரே தேடி வந்த காலம் ஒன்று இருந்தால், அதை அவன் லேசில் விடுவானா? வருஷா வருஷம் நான்கு பாத்தி நட்டு, கொட்டகையில் காயவைத்து, தானே குடித்தார்.

அறுபத்திரண்டாம் வருஷம் ஒரு டப்பாவைக் கொண்டுவந்து தம்பி கையில் கொடுத்து, "வரிசையில வை" என்றார். வில்லாட்ஸ் ஒரு மாதம் பார்த்தார். அப்புறம் சனிக்கிழமை, பதினோரு பேர் முன்னால், அண்ணனும் உட்கார்ந்திருக்கும்போது எழுந்து நின்றார்.

"இதுக்கு முன்னாடி எதை வச்சாலும் இது தேறல. இதுக்குப் பின்னாடி எதை வச்சாலும் அதையும் சேர்த்துக் கெடுக்குது. வரிசையில இதுக்கு இடமில்ல."

பார்லி வண்டி எடை சொல்கிற அதே குரல். சுங்க அலுவலகத்துப் பிரெபென், வாயை அடக்கத் தெரியாத ஜென்மம், "குளவி விரட்ட வச்சுக்கலாமே யெப்பே!" என்றான். எல்லாரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன், என்ன மறைக்கிறது. யெப்பே தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். அதற்கப்புறம் பதினோரு வருஷம் தம்பியோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா இறந்தபோதுகூடச் சவப்பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நடந்தார்கள்.

எழுபத்து மூன்றாம் வருஷம் நவம்பர் தொடக்கத்தில் ஒரு நாள் யெப்பே என் கடைக்குள் வந்தார். அறுபத்தாறு வயது. சைக்கிள் மிதித்து வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. டப்பா ஒன்றை மேசைமேல் வைத்தார்.

"தோட்டத்தை வித்துட்டேன். ஜனவரி ரெண்டாம் தேதி எஸ்பியருக்குப் போறேன், மக வீட்டுக்கு. இதுதான் கடைசி அறுப்பு."

"போய்ட்டு எப்ப வருவீங்க?"

"வரமாட்டேன். கிறிஸ்துமஸுக்கு முன்னாடி அட்வென்ட் ஞாயித்துக்கிழமை எதிர்க்கரைப் பைப் சங்கத்து ஆளுங்க எல்லாம் படகுல வராங்களே, அந்தப் பெரிய வரிசையில இதை வைக்கச் சொல்லு. மூணாவதா. ஒப்புக்கு மொதல்ல வச்சுட்டுத் தட்டிக் கழிக்கிற வேலை வேணாம்."

"வைக்கலேன்னா?"

"வைக்கலேன்னா, அவன் சாவுக்கு நான் வரல, என் சாவுக்கு அவன் வரவேண்டாம். அப்படியே சொல்லிடு. ஒரு வார்த்தை கூட்டாதே, கொறைக்காதே."

அப்படியே சொன்னேன். வில்லாட்ஸ் டப்பாவைத் திறந்து முகர்ந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

மறுநாளிலிருந்து மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்ததும் அவர் என் பின்னறைக்கு வந்துவிடுவார். ஒரு நாளைக்கு ஒரு ஜோடிதான். நாக்கு ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் உண்மை சொல்லும் என்பது அவர் கணக்கு. மஞ்சள் இலைக்குப் பின்னால் யெப்பேயின் இலை: ஈர வைக்கோல். கார இலைக்குப் பின்னால்: கஷாயம். பழுப்பு இலைக்குப் பின்னால்: கொஞ்சம் பரவாயில்லை போல ஆரம்பித்து, பாதிப் பைப்பில் பழைய குணத்தைக் காட்டியது. இரண்டு வாரம் போயிற்று. அந்த ஆள் இளைத்துவிட்டார்.

"தேன் தெளிச்சு ஒரு நாள் மூடி வை" என்றேன்.

"அப்போ அது தேன். அண்ணன் இலை இல்ல."

"வேற நல்ல இலை பாதி கலந்துடு. யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும். அண்ணனுக்கும் தெரியும். இத்தனை வருஷமா குடிக்கிறவரு."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "அடப் பாவி மனுஷா! கூடப் பொறந்தவன் ஊரை விட்டே போறான். ஒரே ஒரு பொய் சொன்னா நீ என்ன கொறைஞ்சா போயிடுவே? உன் நேர்மையை வச்சு நாக்கு வழிக்கவா?"

அவர் பைப்பைத் தட்டிச் சாம்பலைக் கொட்டினார்.

"எடைக்காரன் ஒரு தடவை பொய் சொன்னா, அதுவரைக்கும் சொன்ன எல்லா எடையும் சந்தேகமாயிடும் தோரா. எனக்குப் பொண்டாட்டி இல்ல, பிள்ளை இல்ல. வில்லாட்ஸ் சொன்னா சரியா இருக்கும்னு இந்த ஊர் சொல்லுது. என்கிட்ட இருக்கிறது அது ஒண்ணுதான்."

நான் போய் அடுப்பில் காப்பிக்குத் தண்ணீர் வைத்தேன். எனக்கு அழுகை வந்தது என்று அவருக்குக் காட்ட விருப்பமில்லை.

பெரிய வரிசைக்கு முந்தின நாள் மூன்று டப்பாவையும் துணி சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். மூடியில் அவர் கையெழுத்தில் ஒன்று, இரண்டு, மூன்று. உள்ளே என்ன என்று யாரும் கேட்கக் கூடாது. கேட்கவும் இல்லை. மூன்றாவது டப்பா யெப்பேயுடையதா என்று மட்டும் கண்ணால் கேட்டேன். தலையை ஆட்டினார். எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. எதிர்க்கரை ஆட்கள் முன்னால் இன்னொரு தடவை யெப்பே சிரிப்புக்கு ஆளாகிவிட்டுப் போகவேண்டுமா?

அந்த ஞாயிறு எண்ணெய்த் தட்டுப்பாட்டில் கார் ஓட்டத் தடை. எதிர்க்கரை ஆட்கள் பதினான்கு பேர் படகிலிருந்து இறங்கித் தெரு நடுவில் நடந்தே வந்தார்கள். யெப்பே கோட்டுப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்தார். தம்பி இருந்த பக்கம் திரும்பவில்லை.

நான் முதல் டப்பாவைத் திறந்தேன். தார் வாசனை மூக்கில் அடித்தது. கறுப்பு!

மூடியைத் திருப்பிப் பார்த்தேன். ஒன்று. அவர் கையெழுத்துதான். வில்லாட்ஸைப் பார்த்தேன். அவர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். காது இரண்டும் சிவந்திருந்தது. அப்போது எனக்குப் புரிந்துபோயிற்று. பேசக் கூடாது என்பது சட்டம். டப்பாவைச் சுற்றுக்கு விட்டேன்.

யெப்பேயும் சேர்த்து இருபத்தாறு பேரும் பற்றவைத்தார்கள். அறை முழுக்க இருட்டின மாதிரிப் புகை. எதிர்க்கரைத் தலைவர் புருவத்தை நெற்றி உச்சிக்கே தூக்கினார். பிரெபென் பொய்யாக இருமினான், தொடையில் தட்டிக்கொண்டான், பேச முடியாமல் வயிறு வெடித்துவிடும் போலத் தவித்தான். இரண்டாவது, ஒரு சாது பழுப்பு இலை. புகை வருகிறது என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். மூன்றாவது, யெப்பேயின் இலை. நானும் இழுத்தேன். கசப்பும் இல்லை, வைக்கோலும் இல்லை, ஒன்றும் இல்லை. வாயில் இதமான சூடு மட்டும் இருந்தது. கறுப்போடு மல்லுக்கட்டின நாக்குக்கு அதுவே போதும் என்றிருந்தது. முகம் சுளித்தவர் ஒருவர்கூட இல்லை. தீக்குச்சி வைக்கும்போது ஏழெட்டுப் பேர் மூன்றாவதுக்கே வைத்தார்கள்.

"மூணாவது, ஓமல் யெப்பே தோட்டத்து இலை" என்று நான் சொன்னதுதான் தாமதம், பிரெபென் ஆரம்பித்தான்.

"அதெல்லாம் இருக்கட்டும். எவன்யா பொணத்தை முன்னாடி விட்டுட்டு மேளத்தைப் பின்னாடி விடுறது? கறுப்பு மொதல்ல! வில்லாட்ஸ், உனக்கு என்ன ஆச்சு? எழுந்து சொல்லு!"

எல்லாரும் சிரித்தார்கள். எதிர்க்கரைத் தலைவர் மரியாதைக்குச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

வில்லாட்ஸ் எழுந்தார். நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"டப்பா மாறிப் போச்சு. மொதல்ல வைக்க வேண்டியது ரெண்டாவதா போயிடுச்சு, கறுப்பு முன்னாடி வந்துடுச்சு. என் தப்புதான். வயசாயிடுச்சு." மூன்றாவது டப்பாவைக் காட்டினார். "மூணாவது மட்டும் அதோட இடத்துலதான் இருந்துச்சு. கறுப்புக்கு அப்புறமும் ஒரு இலை முகம் சுளிக்காம குடிக்கும்படி நின்னுதுன்னா, அது இலையோட பெருமை."

"பெருமையாவது! கறுப்புக்கு அப்புறம் சாணி வச்சாலும் தெரியாது" என்றான் பிரெபென். "சரி சரி, அடுத்த வருஷம் வேற யாராவது வரிசை வைக்கட்டும். அண்ணாச்சிக்கு ஓய்வு குடுப்போம்."

"ஆமா. அதான் சரி" என்றார் வில்லாட்ஸ். உட்கார்ந்துவிட்டார்.

சுடுகாப்பியை பிரெபென் தலையில் கவிழ்க்காமல் என்னை நானே பிடித்துக்கொண்டேன். உண்மையைச் சொல்ல நாக்கு துடித்தது. சொன்னால் அந்த மனுஷன் செய்ததெல்லாம் வீண். பல்லைக் கடித்துக்கொண்டு ஆப்பிள் பணியாரத் தட்டை மேசைக்குக் கொண்டுபோனேன். ஆட்கள் எழுந்து தட்டைச் சுற்றிக் கூடினார்கள். எதிர்க்கரைக்காரர் ஒருவர் இன்னொருவரிடம், "பாவம், நல்ல மூக்கு இருந்த ஆளாம்" என்று சொன்னது என் காதில் விழுந்தது. வில்லாட்ஸ் காதிலும் விழுந்திருக்கும்.

யெப்பே மூலையிலிருந்து எழுந்து வந்தார். தம்பிக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் அவர்களுக்குப் பின்னால் கோப்பை அடுக்கிக்கொண்டு நின்றேன். ஒட்டுக் கேட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"டேய்" என்றார் யெப்பே.

வில்லாட்ஸ் நிமிர்ந்தார்.

"கறுப்பை வேணும்னேதானே முன்னாடி வச்சே?"

"டப்பா மாறிப் போச்சுண்ணே."

"போடா. எனக்குப் பல்லுதான் போச்சு, மூளை போகல. பொறந்ததுலேருந்து நீ சொன்ன மொதல் பொய், அதையும் ஒழுங்கா சொல்லத் தெரியல உனக்கு. டப்பா மாறாம இருந்திருந்தாலும் கறுப்பு ரெண்டாவதுதானே? காதெல்லாம் வேற செவந்து கெடக்குது."

வில்லாட்ஸ் காதைத் தடவிக்கொண்டார்.

"என் இலை கசக்கும்னு எனக்குத் தெரியாதாடா? நான்தானே தினம் குடிக்கிறேன். அன்னிக்கு நீ சொன்னது அத்தனையும் நிஜம். ஆனா அவனுங்க சிரிச்சப்போ நீ என் பக்கத்துல வந்து நிப்பேன்னு நெனச்சேன். நிக்கல. அதான் எனக்குத் தாங்கல." கோட்டுப் பொத்தானைத் திருகினார். "இன்னிக்கு நல்லாருக்குன்னு சொல்லுவியா, இல்ல மறுபடியும் எடை போடுவியான்னு பாக்கத்தான் டப்பாவைக் குடுத்தேன். நீ என்னடான்னா உன் பேரையே கொண்டுபோய்க் கவுத்துட்டே. உன்னை இனிமே இவனுங்க மதிக்கவே மாட்டானுங்கடா."

"மதிக்கலேன்னா போகட்டும்."

"அன்னிக்கே இப்படிச் செஞ்சிருக்கக் கூடாதா?"

"அன்னிக்கு எனக்கு எடைதான் பெருசா இருந்துச்சுண்ணே."

"இப்போ?"

"இப்போ நீ போறே" என்றார் வில்லாட்ஸ்.

யெப்பே முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் தோள் மட்டும் குலுங்கியது. பிறகு என்னைப் பார்க்காமலே கையை நீட்டினார். நான் பணியாரம் இரண்டைத் தட்டில் வைத்துக் கொடுத்தேன். அதைத் தம்பி முன்னால் நகர்த்தினார்.

"ஆறிப் போவுது. தின்னுடா" என்றார்.